சாவிக்கொத்திலிருந்து உரையாடல் வரை: மனநலத் தாதியர் உருவான கதை

பிரெஞ்சு ஓவியர் டோனி ரோபேர்-ஃபுளூரி 1876ஆம் ஆண்டில் தீட்டிய ஓர் ஓவியம் மனநல மருத்துவ நூல்கள் பலவற்றில் இடம்பெற்றிருக்கிறது. பாரிஸ் நகரில் உள்ள சால்பெத்ரியேர் மருத்துவமனையின் முற்றம் அது. நடுவில் ஓர் இளம்பெண் தளர்ந்து போய் நிற்கிறாள். அவளைப் பிணைத்திருந்த விலங்கு கழற்றப்படுகிறது. அருகே கம்பீரமாக நிற்பவர் டாக்டர் பிலிப் பினெல். மனநோயாளிகளின் விலங்கை அகற்றிய மாமனிதர் என்று உலகம் இன்றும் கொண்டாடும் மருத்துவர் அவர்.

ஆனால், நேயர்களே, அந்த ஓவியத்தைச் சற்று உற்றுப் பாருங்கள். விலங்கைக் கழற்றும் கைகள் டாக்டருடையவை அல்ல, ஒரு பணியாளருடையவை.

உண்மை வரலாறும் அப்படித்தான் இருந்தது. பாரிசை அடுத்த பிசேத்ர் என்ற இன்னொரு மருத்துவமனையில் ஜான்-பத்தீஸ்த் புஸ்ஸேன் என்பவர் மனநோயாளிகள் பகுதியின் மேற்பார்வையாளராக இருந்தார். அவர் மருத்துவம் படித்தவர் அல்லர். தோல் பதனிடும் தொழிலாளி. கண்டமாலை நோய்க்காக அதே மருத்துவமனையில் சேர்ந்து, குணமடைந்து, அங்கேயே வேலைக்கு அமர்ந்தவர். 1797ஆம் ஆண்டில் பிசேத்ர் மருத்துவமனையில் ஆண் நோயாளிகளின் இரும்புச் சங்கிலிகளை அகற்றச் செய்தவர் இவர்தான். பினெல் அப்போது சால்பெத்ரியேருக்கு மாறியிருந்தார். தமக்கு வழிகாட்டியவர் புஸ்ஸேன் என்று பினெலே எழுதி வைத்திருக்கிறார்.

குணமடைந்த நோயாளிகளையே பணியாளர்களாக அமர்த்திக்கொள்வது புஸ்ஸேனின் வழக்கம். துன்பம் என்னவென்று அறிந்தவர்கள் அடிக்க மாட்டார்கள் என்பது அவர் கண்ட அனுபவம்.

மருத்துவத்தின் நான்கு பகுதிகளைச் சொல்ல வந்த வள்ளுவர், நோயாளி, மருத்துவர், மருந்து ஆகிய மூன்றோடு நிறுத்திக்கொள்ளவில்லை. அருகிலிருந்து கவனிப்பவரையும் நான்காவதாகச் சேர்த்தார். அந்த நான்காவது மனிதருக்கு, அதிலும் மனநோயாளியின் அருகில் இருப்பவருக்கு, தனிப் பயிற்சி தேவை என்று உலகம் ஏற்றுக்கொள்ள எத்தனை காலம் ஆனது? அந்தப் பயிற்சி எப்படி உருவானது? இன்று பதிவுபெற்ற தாதி ஒருவர் மனநலத் துறையில் சிறப்புத் தகுதி பெற மேலும் படிக்கிறார் என்றால், அந்தப் படிப்புக்குப் பின்னால் 200 ஆண்டு வரலாறு இருக்கிறது.

சிறையில் தொடங்கிய கதை

நம் வட்டாரத்தில் இந்தக் கதை சிறையில் தொடங்குகிறது. 1840ஆம் ஆண்டு வரை சிங்கப்பூரில் மனநோயாளிகளுக்கென்று தனி இடம் கிடையாது. தெருவில் திரிந்தவர்களும் பிறருக்கு ஆபத்து எனக் கருதப்பட்டவர்களும் குற்றவாளிகளோடு சேர்த்துச் சிறையில் அடைக்கப்பட்டார்கள். அந்த ஆண்டில் சிறைக்குள்ளேயே ஒரு கொலை நடந்தது. அதன் பிறகுதான் அரசு விழித்துக்கொண்டது. 1841ஆம் ஆண்டில் பிராஸ் பாசா சாலையும் பென்கூலன் தெருவும் சந்திக்கும் இடத்தில் 30 படுக்கைகள் கொண்ட மனநோயர் மருத்துவமனை கட்டப்பட்டது.

பின்னர் 1887ஆம் ஆண்டில் காலேஜ் சாலையில் 300 படுக்கைகள் கொண்ட புதிய கட்டடம் வந்தது. 1928ஆம் ஆண்டில் யியோ சூ காங் பகுதியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படுக்கைகளுடன் பெரிய மனநல மருத்துவமனை திறக்கப்பட்டது. 1951ஆம் ஆண்டில் உட்பிரிஜ் மருத்துவமனை என்று பெயர் பெற்றது அதுதான். தீபகற்ப மலாயாவில் 1911ஆம் ஆண்டில் ஈப்போவை அடுத்த தஞ்சோங் ரம்புத்தானில் கூட்டரசு மனநோயர் மருத்துவமனை தொடங்கியது. 1937ஆம் ஆண்டில் ஜொகூர் பாருவின் தம்போயில் இன்னொன்று வந்தது.

படுக்கைகளின் எண்ணிக்கை வளர்ந்ததைக் கவனித்தீர்களா? 30, பிறகு 300, பிறகு 1,000. ஆனால் அந்தப் படுக்கைகளுக்கு அருகில் நின்றவர்கள் யார்? தொடக்க காலத்தில் அவர்கள் பெரும்பாலும் பயிற்சியற்ற ஏவலாட்கள். இடுப்பில் சாவிக்கொத்து. கதவைப் பூட்டுவது, உணவு கொடுப்பது, குளிக்க வைப்பது, சண்டையை விலக்குவது, தப்பி ஓடுபவரைப் பிடிப்பது, இவைதாம் அவர்களின் வேலை. நோயாளிகளோ பல மொழிக்காரர்கள். மலாய்க்காரர், சீனர், கடல் கடந்து வந்த தமிழர் என்று பலரும் ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள். மருத்துவர் பெரும்பாலும் ஆங்கிலேயர். தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த ஒரு தமிழ்த் தொழிலாளி மனம் குலைந்து அங்கே கொண்டுவரப்பட்டால், அவர் பேசுவதைக் கேட்டுப் புரிந்துகொள்ள யார் இருந்திருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

தஞ்சோங் ரம்புத்தான் என்ற அழகான ஊர்ப் பெயரே மலேசியாவில் கேலிச் சொல்லாகிப் போனது. அங்கே பின்னாளில் மருத்துவமனைக்கு பகாகியா, அதாவது மகிழ்ச்சி, என்று பெயர் சூட்டினார்கள். பெயர் மாறியது. பேச்சில் இருந்த ஏளனம் அவ்வளவு சீக்கிரம் மாறவில்லை.

ஆள் கிடைத்தால் போதும்

இந்த மருத்துவமனைகளை நடத்திய பிரிட்டிஷ் அரசு, தன் நாட்டில் இருந்த முறையைத்தான் இங்கே கொண்டுவந்தது. ஆகவே, பயிற்சி எப்படிப் பிறந்தது என்பதை அறியப் பிரிட்டனுக்குப் போக வேண்டியிருக்கிறது.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கும் நிலைமை இதுவே. மனநோயர் விடுதியில் வேலை என்றால் சம்பளம் குறைவு, நேரம் அதிகம், மதிப்பு இல்லை. உடல் வலு இருந்தால் போதும், ஆள் எடுத்துக்கொள்வார்கள். வேறு வேலை கிடைத்ததும் ஓடிவிடுவார்கள். ஆள் குறைவாகவும் அறியாதவராகவும் இருந்தால் என்ன நடக்கும்? நோயாளியைக் கட்டிப் போடுவார்கள். பத்துப் பேரைக் கட்டிப் போட்டுவிட்டால் ஒருவரே பார்த்துக்கொள்ளலாம் அல்லவா?

இதை உடைத்துக் காட்டியவர் டாக்டர் ஜான் கொனலி. 1839ஆம் ஆண்டில் லண்டனை அடுத்த ஹான்வெல் மருத்துவமனையின் பொறுப்பை ஏற்றார். பல நூறு நோயாளிகள் இருந்த அந்தப் பெரிய நிலையத்தில் கைவிலங்கு, கால்விலங்கு, கட்டிப் போடும் நாற்காலி அனைத்தையும் நிறுத்தினார். நோயாளிகள் ஒருவரையொருவர் கொன்றுவிடுவார்கள் என்று பலர் அஞ்சினார்கள். அப்படி நடக்கவில்லை. ஆனால் கொனலி ஒன்றைத் திரும்பத் திரும்ப வலியுறுத்தினார். விலங்கை எடுத்துவிட்டு அந்த இடத்தை வெறுமையாக விட முடியாது. அங்கே நல்ல பணியாளர்கள் வேண்டும், போதுமான எண்ணிக்கையில் வேண்டும், அவர்களுக்கு மரியாதையான சம்பளம் வேண்டும் என்பதே அது.

நல்ல பணியாளர்கள் வானத்திலிருந்து குதிப்பார்களா? கற்றுக்கொடுக்க வேண்டும். 1854ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தின் டம்ஃப்ரீஸ் நகரில், கிரைட்டன் மருத்துவமனையில் டாக்டர் டபிள்யூ. ஏ. எஃப். பிரவுன் தம் பணியாளர்களை உட்கார வைத்து மனநோய் பற்றித் தொடர் விரிவுரைகள் நடத்தினார். ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் லண்டனில் தாதியர் பள்ளி தொடங்கியது 1860ஆம் ஆண்டில். அதற்கும் ஆறு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு மனநோயர் விடுதியில் பாடம் நடந்திருக்கிறது என்பது பலரும் அறியாத செய்தி.

சிவப்புக் கையேடு

அங்கொன்றும் இங்கொன்றுமாக நடந்த வகுப்புகளை ஒழுங்குபடுத்தியது ஒரு சிறு புத்தகம். 1885ஆம் ஆண்டில் பிரிட்டனின் மனநல மருத்துவர் சங்கம், மனநோயர் விடுதிப் பணியாளர்களுக்கென ஒரு கையேட்டை வெளியிட்டது. ஸ்காட்லாந்து மருத்துவர்கள் நால்வர் சேர்ந்து எழுதியது. அட்டையின் நிறத்தால் அது பின்னாளில் சிவப்புக் கையேடு என்றே அழைக்கப்பட்டது.

உடலின் அமைப்பு, மூளை, நரம்புகள், நோயாளியைப் பராமரிக்கும் முறை, விபத்து நேராமல் காக்கும் வழி எனப் பாடங்கள் இருந்தன. இன்றைய கண்ணுக்கு மிகச் சாதாரணமானவை. ஆனால் அதுவரை எதையுமே படிக்கச் சொல்லாத ஒரு வேலைக்கு முதன்முறையாகப் பாடநூல் வந்துவிட்டது. 1891ஆம் ஆண்டில் அந்தச் சங்கமே தேர்வும் நடத்திச் சான்றிதழ் வழங்கத் தொடங்கியது. தேர்வில் வென்ற ஒரு பணியாளர், தம்மிடம் ஒரு தொழில் இருக்கிறது என்று தலைநிமிர்ந்து சொல்ல முடிந்தது.

அவர்களை எதிர்த்தவர்கள் யார் தெரியுமா? வெளியார் அல்லர். பொது மருத்துவமனைத் தாதியர்தாம். தாதிமையை மதிப்புமிக்க தொழிலாக்கப் போராடிய பெட்ஃபோர்ட் ஃபென்விக் அம்மையார், மனநோயர் விடுதியில் மட்டும் பயின்றவர்களைத் தாதியர் என்று ஏற்க மறுத்தார். நோயாளியின் மேல் ஒட்டிய களங்கம் அவரைப் பராமரித்தவர் மேலும் ஒட்டிக்கொண்டது. தாதியரில் ஆண்கள் அதிகம் இருந்ததும், சாதாரணத் தொழிலாளர் குடும்பங்களிலிருந்து வந்தவர்களாக இருந்ததும் அந்த மறுப்புக்குக் காரணங்கள் எனலாம்.

1919ஆம் ஆண்டில் பிரிட்டனில் தாதியர் பதிவுச் சட்டம் வந்தது. மனநோய்த் தாதியருக்கு அதில் இடம் கிடைத்தது. ஆனால் பொதுப் பதிவேட்டில் அல்ல, துணைப் பதிவேட்டில். ஒரே தொழிலுக்கு இரண்டு தேர்வுகளும் நடந்து வந்தன. ஒன்று தாதியர் மன்றத்தினுடையது. மற்றது மருத்துவர் சங்கத்தினுடையது. 1951ஆம் ஆண்டில்தான் மருத்துவர் சங்கத்தின் சான்றிதழ் முடிவுக்கு வந்து, பயிற்சி முழுவதும் தாதியர் மன்றத்தின் கைக்கு வந்தது.

இவ்வளவு நடந்தும் ஒரு கேள்வி எஞ்சி நின்றது. மனநலத் தாதி நோயாளியைக் குளிப்பாட்டுகிறார், மருந்து கொடுக்கிறார், காவல் காக்கிறார். இவற்றைத் தவிர அவர் செய்யும் சிகிச்சை என்று ஏதாவது உண்டா? இந்தக் கேள்விக்குப் பதில் அட்லாண்டிக் கடலுக்கு அப்பாலிருந்து, ஒரு தாதியிடமிருந்தே வந்தது.

அமெரிக்காவில் எழுந்த குரல்

அமெரிக்காவில் மனநலத் தாதியர் பயிற்சி முறையாகத் தொடங்கியது 1882ஆம் ஆண்டில், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் மெக்லீன் மருத்துவமனையில். அந்நாட்டின் முதல் பயிற்சி பெற்ற தாதி என்று போற்றப்படும் லிண்டா ரிச்சர்ட்ஸ் அம்மையார், தம் பணிக்காலத்தின் பிற்பகுதியை மனநோயர் மருத்துவமனைகளில் தாதியர் பள்ளிகள் அமைப்பதற்கே செலவிட்டார். உடல் நோயாளிக்குக் கிடைக்கும் கவனிப்புக்குக் குறையாத கவனிப்பு மனநோயாளிக்கும் கிடைக்க வேண்டும் என்பது அவர் வாதம்.

இருந்தாலும் பாடம் பெரும்பாலும் உடல் பராமரிப்பைப் பற்றியே இருந்தது. இரண்டாம் உலகப் போர் நிலைமையை மாற்றியது. வாட்டசாட்டமான இளம் வீரர்கள் போர்முனையிலிருந்து மனம் உடைந்து திரும்பினார்கள். பலவீனர்களுக்கு வருவதே மனநோய் என்ற நம்பிக்கை ஆட்டம் கண்டது. 1946ஆம் ஆண்டில் அமெரிக்கா தேசிய மனநலச் சட்டத்தை இயற்றியது. மனநல மருத்துவர், உளவியலாளர், சமூகப் பணியாளர் ஆகியோரோடு தாதியரின் சிறப்புப் பயிற்சிக்கும் அந்தச் சட்டத்தின் கீழ் அரசு பணம் ஒதுக்கியது. அந்த வாய்ப்பைப் பயன்படுத்திக்கொண்டவர்களில் முதன்மையானவர் ஹில்டகார்ட் பெப்லாவ்.

பெப்லாவ் அம்மையாரின் புரட்சி

1909ஆம் ஆண்டில் பென்சில்வேனியா மாநிலத்தின் ரெடிங் நகரில், குடியேறிகளின் குடும்பத்தில் பிறந்தவர் பெப்லாவ். 1918ஆம் ஆண்டின் கொடிய சளிக்காய்ச்சல் பரவியபோது அவர் சிறுமி. காய்ச்சலின் வேகத்தில் பிதற்றியவர்கள் சன்னல் வழியே குதித்ததை அவர் கண்டார். நோய் உடலை மட்டும் தாக்குவதில்லை என்ற எண்ணம் அப்போதே மனத்தில் பதிந்தது.

1931ஆம் ஆண்டில் தாதிப் பயிற்சி முடித்தார். வேலை பார்த்துக்கொண்டே பெனிங்டன் கல்லூரியில் உளவியல் பயின்று 1943ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார். மனிதர்களுக்கிடையே உள்ள உறவில்தான் மனநோயின் வேரும் மருந்தும் இருக்கின்றன என்று வாதிட்ட ஹாரி ஸ்டாக் சலிவனின் கருத்துகள் அவரை ஈர்த்தன. போர்க்காலத்தில் ராணுவத் தாதியாக இங்கிலாந்தில் இருந்த மனநல மருத்துவமனை ஒன்றில் பணியாற்றினார். மனம் உடைந்த வீரர்களோடு பேசிப் பேசியே பலரை மீட்க முடிவதை நேரில் கண்டார்.

இந்த அனுபவத்தையெல்லாம் திரட்டி, தாதிமையில் மனித உறவுகள் பற்றி ஒரு நூல் எழுதினார். 1948ஆம் ஆண்டில் நூல் தயார். ஆனால் அச்சேறியது 1952ஆம் ஆண்டில். இடையில் நான்கு ஆண்டுகள் ஏன்? ஒரு தாதி மட்டும் தனியாக இப்படியொரு நூல் எழுதுவதா, உடன் எழுதியவர் என்று ஒரு மருத்துவரின் பெயர் வேண்டாமா என்ற தயக்கம்தான். பெப்லாவ் விட்டுக்கொடுக்கவில்லை. அவர் பெயரில் மட்டுமே நூல் வந்தது.

அவர் சொன்னது இதுதான். தாதிக்கும் நோயாளிக்கும் இடையே உருவாகும் உறவே ஒரு சிகிச்சை. அந்த உறவு தானாக அமைவதில்லை, படிப்படியாக வளர்வது. முதலில் இருவரும் அந்நியர்கள். நோயாளி தம் தேவை என்னவென்று தெளிய வேண்டும். அடுத்து, தமக்கு உதவக்கூடியவர் இவர் என்று தாதியை நம்பத் தொடங்குகிறார். பிறகு அந்த உதவியை முழுமையாகப் பயன்படுத்திக்கொள்கிறார். கடைசியில் தாதி இல்லாமலேயே நிற்கக் கற்றுக்கொண்டு விலகிச் செல்கிறார். நல்ல தாதியின் வெற்றி, நோயாளிக்கு அவர் தேவைப்படாமல் போவதில் இருக்கிறது.

இன்னொன்றும் சொன்னார். பதற்றம் ஒட்டிக்கொள்ளும் தன்மை உடையது. தாதி பதறினால் நோயாளி மேலும் பதறுவார். பதற்றத்தை மெல்லியது, நடுத்தரமானது, கடுமையானது, பீதி என நான்கு நிலைகளாகப் பிரித்து, ஒவ்வொரு நிலையிலும் தாதி எப்படிப் பேச வேண்டும் என்று கற்பித்தார். பீதியில் இருப்பவரிடம் நீண்ட அறிவுரை எடுபடாது. அவரைத் தனியே விடாமல், குறுகிய, எளிய சொற்களில் பேச வேண்டும். உலகம் முழுதும் மனநலத் தாதியர் வகுப்பில் இன்றும் இது பாடம்.

1950களின் நடுப்பகுதியில் நியூ ஜெர்சி மாநிலத்தின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில், ஏற்கெனவே தாதியராக இருப்பவர்களை மனநலச் சிறப்புத் தாதியராக உருவாக்கும் முதுநிலைப் படிப்பை அவர் தொடங்கினார். அத்தகைய படிப்புகளுக்கு அதுவே முன்னோடி. அங்கே பயிற்சி எப்படி நடந்தது என்பது சுவையான செய்தி. மாணவி ஒரு நோயாளியைக் குறித்த நேரத்தில் தவறாமல் சந்திக்க வேண்டும். அவர் என்ன சொன்னார், தாம் என்ன சொன்னோம் என்று சொல்லுக்குச் சொல் எழுதி வர வேண்டும். பிறகு ஆசிரியருடன் அமர்ந்து அதை வரிவரியாக ஆராய வேண்டும். இந்த இடத்தில் ஏன் பேச்சை மாற்றினாய்? அவர் அழத் தொடங்கியதும் ஏன் ஆறுதல் சொல்லி அடக்கினாய்? அவருக்காகவா, உனக்குத் தாங்கவில்லை என்பதற்காகவா? இப்படிக் கேள்விகள் வரும். அறுவை மருத்துவர் தம் கத்தியைத் தீட்டுவதுபோல, மனநலத் தாதி தம்மையே தீட்டிக்கொள்ளக் கற்றார்.

அக்காலத்து அமெரிக்காவில் இதற்கு எவ்வளவு தேவை இருந்தது என்பதற்கு ஒரே ஓர் எண்ணிக்கை போதும். 1955ஆம் ஆண்டில் அந்நாட்டின் அரசு மனநல மருத்துவமனைகளில் 5 லட்சத்து 50 ஆயிரத்துக்கும் அதிகமானோர் அடைபட்டிருந்தனர். பெப்லாவ் கோடை விடுமுறைகளில் மாநிலம் மாநிலமாகச் சென்று, அந்த மருத்துவமனைகளின் தாதியருக்குப் பயிலரங்குகள் நடத்தினார். அமெரிக்கத் தாதியர் சங்கத்தின் தலைவராகவும் 1970 முதல் 1972 வரை பணியாற்றினார். 1999ஆம் ஆண்டில் தம் 89ஆம் வயதில் மறைந்தார்.

பொதுத் தாதிக்கு ஏன் தனிப் படிப்பு?

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். மூன்றாண்டு படித்துப் பதிவுபெற்ற தாதிக்கு மனநலம் பற்றி ஒன்றும் தெரியாதா? தெரியும். அடிப்படைப் பயிற்சியிலேயே மனநலப் பாடமும் மனநலப் பிரிவில் சில வாரப் பயிற்சியும் இருக்கின்றன. ஆனால் சில வாரங்களில் வருவது அறிமுகம். தேர்ச்சி அல்ல.

ஒரு காட்சியை எண்ணிப் பாருங்கள். பிற்பகல் நேரம். வார்டில் ஒருவர் மாத்திரையை வாங்க மறுக்கிறார். அதில் விஷம் கலந்திருப்பதாகக் காதில் ஒரு குரல் சொல்கிறது என்கிறார். பயிற்சி இல்லாதவர் இரண்டில் ஒன்றைச் செய்வார். குரலாவது ஒன்றாவது, வாயைத் திற என்று அதட்டுவார். அல்லது, ஆமாம் ஆமாம் என்று தலையாட்டி ஏமாற்றி விழுங்க வைப்பார். முதலாவது சண்டையில் முடியும். இரண்டாவது நம்பிக்கையைக் கொன்றுவிடும்.

பயின்றவர் உட்காருகிறார். நோயாளிக்கும் கதவுக்கும் நடுவே உட்காருவதில்லை; வழியை அடைத்தால் அவர் மிரள்வார். அந்தக் குரல் உங்களுக்குக் கேட்கிறது என்பது புரிகிறது, எனக்கு அது கேட்கவில்லை, உங்களுக்குப் பயமாக இருக்குமே என்கிறார். குரல் என்ன கட்டளை இடுகிறது என்று விசாரிக்கிறார். ஏனென்றால், உன்னையே முடித்துக்கொள் என்று அது சொல்லுமானால் அன்றிரவு முழுதும் அருகில் ஆள் வேண்டும். கை நடுங்குகிறதா, நடை இறுகியிருக்கிறதா என்று பார்க்கிறார். மருந்தின் பக்கவிளைவுதான் மறுப்புக்குக் காரணமாகவும் இருக்கலாம். எல்லாவற்றையும் எழுதி மருத்துவரிடம் தெரிவிக்கிறார்.

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு, இருவர் அமர்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். அந்தப் பதினைந்து நிமிடப் பேச்சுக்குள் இருக்கும் கல்விதான் சிறப்புப் பயிற்சி. ஆபத்தை மதிப்பிடுவது, கோபத்தைத் தணிப்பது, மருந்துகளின் விளைவுகளை அறிவது, குடும்பத்தாரோடு பேசுவது, சட்டம் நோயாளிக்குத் தரும் உரிமைகளைத் தெரிந்திருப்பது எல்லாம் அதில் அடக்கம்.

மீண்டும் நம் மண்ணுக்கு

1950களில் மனநோய்க்கு முதல் நவீன மருந்தான குளோர்புரோமசின் வந்தது. நோயாளிகள் வீடு திரும்பும் காலம் பிறந்தது. 1958ஆம் ஆண்டில் பினாங்குப் பொது மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு ஒன்று திறக்கப்பட்டது. ஊருக்கு வெளியே, மதில் சுவருக்குள் இருந்த சிகிச்சை, மற்ற நோயாளிகள் வரும் அதே வாசலுக்கு வந்தது. மருந்து வந்தபின் தாதியின் வேலை குறைந்ததா என்றால், இல்லை. நோயாளி வீட்டில் இருக்கிறார் என்றால் மருந்தை நிறுத்திவிட்டாரா, மீண்டும் தனிமையில் ஒடுங்குகிறாரா என்று கவனிக்க யாராவது போக வேண்டும். தாதி மதிலுக்கு வெளியே வந்தார்.

மலேசியாவில் பதிவுபெற்ற தாதியர், அடிப்படைக் கல்விக்குப் பின் மனநலத் துறையில் மேற்பயிற்சி பெறும் முறை உருவானது. தாதியர் வட்டாரத்தில் போஸ்ட் பேசிக் என்று சொல்லப்படுவது அதுதான். 2001ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட மனநலச் சட்டம், விதிமுறைகளுடன் 2010ஆம் ஆண்டில் நடப்புக்கு வந்தது.

சிங்கப்பூரில் 1993ஆம் ஆண்டில் உட்பிரிஜ் மருத்துவமனை புவாங்கோக் வட்டாரத்துக்கு இடம் மாறி மனநலக் கழகமாக மலர்ந்தது. பதிவுபெற்ற தாதியருக்கு மனநலத் தாதிமையில் உயர் பட்டயக் கல்வியை நன்யாங் பலதுறைத் தொழிற்கல்லூரி நடத்தியது. 2003ஆம் ஆண்டில் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் தாதிமையில் முதுகலைப் படிப்பைத் தொடங்கியது. அதன் பிரிவுகளில் ஒன்று மனநலம். உயர்நிலைத் தாதியர் என்ற தகுதியும் சட்டப்படி நிலைபெற்று, 2006ஆம் ஆண்டில் முதல் அணியினர் பதிவுபெற்றனர். சாவிக்கொத்து தொங்கிய இடுப்பு, நோயாளியை மதிப்பிட்டுச் சிகிச்சைத் திட்டம் வகுக்கும் நிபுணரின் இடுப்பாக மாற 160 ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

அண்மையில் நடந்த இன்னொரு மாற்றத்தையும் சொல்லியாக வேண்டும். தற்கொலை முயற்சியைக் குற்றமாகக் கருதிய சட்டப் பிரிவு சிங்கப்பூரில் 2020ஆம் ஆண்டில் நீங்கியது. மலேசியாவில் அது 2023ஆம் ஆண்டில் அகற்றப்பட்டது. உயிரை விட முனைந்து பிழைத்தவருக்கு முன்னால் வழக்கும் தண்டனையும் நின்ற காலம் போய்விட்டது. 1840இல் சிறைக்குள் இருந்த மனநோயாளியை வெளியே கொண்டுவரத் தொடங்கிய பயணம், இப்போதுதான் இந்த இடத்துக்கு வந்திருக்கிறது. சட்டம் கதவைத் திறந்துவிட்டது. திறந்த கதவுக்கு அப்பால், அவரிடம் என்ன பேச வேண்டும் என்று கற்ற ஒருவர் நிற்க வேண்டாமா?

நாம் செய்ய வேண்டியது

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கெடுப்புகளின்படி, மனநலத் துறைப் பணியாளர்களில் ஆகப் பெரிய பிரிவினர் தாதியர்தாம். மருத்துவரைச் சில நிமிடங்கள் பார்க்கும் நோயாளி, தாதியரோடுதான் மணிக்கணக்கில் இருக்கிறார். அந்த மணிகள் சிகிச்சையாகுமா, வெறும் காவலாகுமா என்பதைத் தீர்மானிப்பது பயிற்சிதான்.

பேச்சே கருவி என்றால் மொழியும் மருந்தின் ஒரு பகுதி ஆகிறது. மனம் கலங்கிய ஒரு தமிழ்த் தாய், தம் அச்சத்தைத் தாய்மொழியில்தான் சொல்வார். உள்ளே எரியுது, யாரோ செஞ்சிட்டாங்க என்று அவர் சொல்லும்போது, அந்தச் சொற்களுக்குப் பின்னால் இருப்பது என்ன என்று கேட்டறிய, தமிழ் தெரிந்த, மனநலம் பயின்ற ஒருவர் அருகில் இருந்தால் எவ்வளவு நிம்மதி! நம் பிள்ளைகளில் பலர் தாதிமைத் துறையில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் மனநலப் பிரிவுக்குப் போகிறேன், மேலே படிக்கிறேன் என்று வீட்டில் சொல்லும்போது, அந்த வேலை உனக்கு எதுக்கும்மா என்று முகம் சுளிக்கும் பெற்றோர் இன்றும் உண்டு. பெட்ஃபோர்ட் ஃபென்விக் அம்மையார் மனநோய்த் தாதியருக்குக் கதவை அடைத்ததற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை.

தோல் பதனிடும் தொழிலாளியான புஸ்ஸேன் எந்தப் பள்ளியிலும் இதைப் படிக்கவில்லை. தம் துன்பத்திலிருந்து கற்றார். எல்லாருக்கும் அப்படிக் கற்கும் விதி வர வேண்டியதில்லை. அதற்காகத்தான் பள்ளிகள் வந்தன, பாடநூல்கள் வந்தன, சிறப்புப் படிப்புகள் வந்தன. அடுத்த முறை உங்கள் வீட்டுப் பிள்ளை மனநலத் தாதியாகப் பயில விரும்புகிறேன் என்றால், தயவுசெய்து தடுக்காதீர்கள். வள்ளுவர் எண்ணிச் சொன்ன நான்காவது மனிதராக நிற்கத்தான் அந்தப் பிள்ளை அனுமதி கேட்கிறது.